சாவி எங்கே தொங்குகிறது? தோட்டத்து மாரியம்மன் ஆலய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆலயத் தலைவர் ஐயா அவர்களுக்கும் செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவிழாக் கணக்குக்காகக் கூடப் போகிறீர்கள். அதற்கு முன், வீடுகளில் பிடிக்கும் தீயைப் பற்றிய இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நான் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முப்பது வருடமாக வயர்மேன் வேலை செய்கிறவன். நம் தோட்டத்து லயங்களில் பாதி வீடுகளின் மெயின் சுவிட்சைத் திறந்து பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் வீட்டுப் பாட்டி இறந்த இரவு உங்களுக்கும் நினைவிருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் இருக்கும். ஹாலில் ஓடிக்கொண்டிருந்த பழைய மேசைக் காற்றாடியின் மோட்டார் இறுகிச் சூடேறி, பக்கத்திலிருந்த சோபாவில் தீ பிடித்திருந்தது. நாங்கள் ஓடிப் போனபோது வாசலில் இருந்த இரும்புக் கம்பிக் கதவு, அதாவது கிரில், பூட்டியிருந்தது. உள்ளே தாத்தா இருமுவது கேட்கிறது. "சாவி எங்கே தாத்தா?" என்று கத்தினோம். அது அறைக்குள் ஆணியில் தொங்கிய கால்சட்டைப் பையில் இருந்தது. புகையில் அவருக்கு அறை எது, சுவர் எது என்றே தெரியவில்லை. கடப்பாரை கொண்டு வந்து பூட்டை உடைத்தோம். தாத்தா பிழைத்தார். பாட்டியின் உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. தூங்கியவர் தூங்கியபடியே போய்விட்டார்.

அன்றிலிருந்து நெருப்பைப் பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

முதலில் என்னை உலுக்கியது ஒரு கணக்கு. அமெரிக்க அரசின் நிஸ்ட் என்ற ஆய்வு நிலையம், வீடுகளுக்குள் நிஜமாகவே தீ வைத்துச் சோதனை செய்து 2004இல் அறிக்கை வெளியிட்டது. 1970களில் நடந்த இதே மாதிரிச் சோதனைகளில், கொழுந்து விட்டு எரியும் தீயில் மனிதன் தாங்க முடியாத நிலை வரச் சராசரியாக 17 நிமிடம் ஆனது. புதிய சோதனைகளில் அது 3 நிமிடம். சாமான்கள் மாறியது இதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் தாத்தாமார் பாயிலும் பஞ்சு மெத்தையிலும் படுத்தார்கள். இன்று எல்லா வீட்டிலும் நுரை மெத்தை, நுரை சோபா. பாலியூரித்தேன் என்ற அந்த நுரை பெட்ரோலியத்திலிருந்து செய்வது. எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வருகிறது, இரண்டும் விஷ வாயு. பாட்டியைக் கொண்டு போனது இந்தப் புகைதான்.

மூன்று நிமிடம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். 999க்குப் போன் செய்து, நம் தோட்டம் எந்தச் சந்து, எந்தச் செம்பனைப் பாதை என்று விளக்கி முடிக்கவே அது போய்விடும். பொம்பா என்ற தீயணைப்புத் துறையின் வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் இந்த நேரத்துக்குள் வர முடியாது, அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மூன்று நிமிடத்தில் வீட்டுக்குள் இருப்பவர்கள்தான் வெளியே வந்தாக வேண்டும். அதற்கு இரண்டு பொருள்கள் போதும். விட்டத்தில் ஒரு புகை உணர்வி. கதவுக்குப் பக்கத்தில் ஒரு சாவி.

"புகை வந்தால் வாசனைக்கே முழித்துக்கொள்வோம்" என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். முழிக்க மாட்டோம். பிரௌன் பல்கலைக்கழகத்தில் 2004இல் இதைச் சோதித்தார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் மூக்கு நம்மை எழுப்புவதில்லை, காதுதான் எழுப்புகிறது. அதனால்தான் சத்தம் போடும் கருவி வேண்டும் என்கிறேன்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கவலை தருவது. கருவி கத்தினாலும் அவர்களில் பலர் எழுந்திருக்கவில்லை என்று மெல்பர்னில் டோரத்தி புரூக் என்ற ஆய்வாளர் கண்டார். 2006இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 24 பிள்ளைகளைத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். வழக்கமான கீச்சொலிக்கு எழுந்தவர்கள் 14 பேர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்ட அம்மாவின் பதிவுக் குரலுக்கு 23 பேர் எழுந்துவிட்டார்கள்! அதனால் கருவி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அது பெரியவர்களை எழுப்பும். யார் எந்தப் பிள்ளையிடம் ஓடிப்போய்ப் பெயர் சொல்லி எழுப்புவது என்று ஒவ்வொரு வீட்டிலும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். புரூக் இன்னொன்றும் கண்டார். கீச்சென்ற ஒலியைவிட 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலிக்குப் பிள்ளைகளும் வயதானவர்களும் நன்றாக எழுகிறார்கள். அப்படிப்பட்ட கருவி கிடைத்தால் அதையே வாங்கலாம்.

கடையில் இரண்டு வகை உண்டு. அயனி வகை, ஒளி வகை. கொழுந்து விட்டு எரியும் தீயை அயனி வகை கொஞ்சம் முன்னால் பிடிக்கும். கொசுவத்தி பட்ட மெத்தை, சிகரெட் விழுந்த சோபா என்று கனன்று கனன்று புகையும் தீயை ஒளி வகை வெகு சீக்கிரம் பிடிக்கும். சமையல் புகைக்கு வீணாகக் கத்துவதும் ஒளி வகையில் குறைவு. மீன் பொரிக்கும்போதெல்லாம் அலறினால் யார்தான் பேட்டரியைக் கழற்றி வைக்க மாட்டார்கள்? கருவி வேலை செய்யாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். அதனால் நம் வீடுகளுக்கு ஒளி வகைதான் சரி. அடுப்படியிலிருந்தும் சாமி மேடையிலிருந்தும் தள்ளி, படுக்கையறைக்கு வெளியே மாட்ட வேண்டும். சிலிங் இல்லாத லயத்தில் சுடும் தகரக் கூரையோடு ஒட்டி வைக்காமல், குறுக்குச் சட்டத்தில் வைக்கலாம். மாதம் ஒருமுறை பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும், பத்து வருடத்தில் மாற்றிவிட வேண்டும்.

"எங்கள் வீட்டில் பிரேக்கர் இருக்கிறதே" என்பார்கள். நல்லதுதான். ஆனால் ஆர்சிசிபி என்ற அந்தப் பிரேக்கர், மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால்தான் விழும். பிளக்கில் தளர்ந்த கம்பி சூடேறுவதோ, ஒரே நீட்டிப்பு வயரில் ரைஸ் குக்கரும் கெட்டிலும் தொங்குவதோ அதற்குத் தெரியாது.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். திருட்டுக்குப் பயந்து கிரில் போடுகிறோம். அது நியாயமான பயம், கிரில்லைக் கழற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் 2017 செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமாட்டில் சமயப் பள்ளி விடுதி எரிந்தபோது 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பையன்கள். ஜன்னல்களில் கிரில். வெளியே போகும் வழியில் நெருப்பு. 2001இல் தமிழ்நாட்டு ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் எரிந்து இறந்ததைப் படித்தபோது நாம் எல்லோரும் கொதித்தோம். பூட்டிய கிரில்லுக்குள் சாவி கிடைக்காமல் நிற்பவருக்கும் அதே கதிதான். சாவி கிரில்லுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளே இருட்டில் தடவினாலும் கிடைக்கிற ஓர் ஆணியில் தொங்கட்டும். எந்த ஆணி என்று பேரப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

இதற்கெல்லாம் ஆலயத்திடம் ஏன் வருகிறேன்? ஓட்டல், மருத்துவமனை, விடுதி போன்றவற்றுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி பொம்பாவின் தீச் சான்றிதழ் வேண்டும். லயத்து வீட்டுக்கு யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். தோட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுகிறவர்கள் நீங்கள்தான், திருவிழா வசூலுக்கு. தீமிதி அன்று பூக்குழியைச் சுற்றி எத்தனை கண்கள்! தண்ணீர் தொட்டி, ஓஸ் பைப், குழந்தைகளைத் தள்ளி நிறுத்தத் தொண்டர்கள். இத்தனை வருடத்தில் நம் குழியில் யாருக்கும் பெரிய விபத்து நடந்ததில்லை. அந்தக் கவனத்தை வீட்டுக்குள்ளும் கொண்டு வரலாம் என்றுதான் கேட்கிறேன்.

இந்த வருட வசூலில் மிச்சப்படும் பணத்தில் வீட்டுக்கு ஒரு கருவி வாங்குங்கள். குடும்பத்தோடு ஒருநாள் வெளியே சாப்பிடும் செலவுதான் ஆகும். எல்லா வீட்டுக்கும் போதாவிட்டால், வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருக்கும் வீடுகளுக்கு முதலில் கொடுங்கள். ஆலய மண்டபத்தில் பாலர் வகுப்பு நடக்கிறதே, அதன் பின்கதவில் இருக்கும் பூட்டைப் பகல் நேரத்தில் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு மாலை பொம்பா நிலையத்தாரை அழைத்துப் பேச வைக்கலாம், கூப்பிட்டால் வருவார்கள்.

ஏணியும் டிரில்லும் என்னிடம் இருக்கின்றன. கூலி வேண்டாம். ஞாயிறு கூட்டத்தில் நீங்கள் சரி என்று சொன்னால், அடுத்த சனிக்கிழமை காலையே தொடங்கிவிடலாம். முதலில் மூன்றாம் வீட்டுக்குப் போகலாம். தாத்தா இப்போது தனியாகத்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
தோட்டத்து வயர்மேன்