கணினி அறைக்குள் ஒரு கலைக்களஞ்சியம் வையுங்கள்

கொழும்பிலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும்,

வணக்கம். நான் கணினி திருத்துபவன். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வெள்ளவத்தையிலும் பாடசாலைகளின் கணினி அறைகளுக்கு அடிக்கடி கூப்பிடுவார்கள். போகும் இடமெல்லாம் வாசலில் கழற்றி வைத்த சப்பாத்துகள், துணி போட்டு மூடிய மொனிட்டர்கள், சுவரில் அன்பளிப்புச் செய்த சங்கத்தின் பெயர்ப்பலகை. இணைய இணைப்பு மட்டும் பெரும்பாலும் அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது.

போன தவணை ஒரு பாடசாலையில் கீபோர்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். தரம் 9 பிள்ளை ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். "அங்கிள், இதில எரிமலையைப் பற்றிப் பார்க்க ஏலுமா?" நாளைக்கு ஒப்படை கொடுக்க வேண்டுமாம். வீட்டில் இருப்பது அம்மாவின் ஃபோன் ஒன்றுதான், டேட்டா முடிந்துவிட்டது, சம்பளம் வந்த பிறகுதான் ரீலோட். இங்கே இணையம் இல்லை மகள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு அந்தக் கணினியைத் திறந்து பார்த்தேன். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் 400 ஜிபிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது.

அந்த வெற்றிடத்தில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் வைக்கலாம். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

இணையம் இல்லாமலே விக்கிப்பீடியாவைப் படிக்க கிவிக்ஸ் என்று ஓர் இலவச மென்பொருள் 2007இலிருந்து இருக்கிறது. விக்கிப்பீடியாவின் எல்லாப் பக்கங்களையும் சுருக்கி 'ஜிம்' என்ற ஒரே கோப்பாகத் தருவார்கள். வேகமான இணைப்பு உள்ள ஓர் இடத்தில் ஒரு தடவை இறக்கினால் போதும். பிறகு பென் டிரைவில் கொண்டுபோய் எத்தனை கணினியிலும் போடலாம். படங்களோடு சேர்த்துத் தமிழ்க் கோப்பு ஒரு 16 ஜிபி பென் டிரைவுக்குள் அடங்கிவிடும். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபி அளவில் வரும், அதற்கும் அந்த ஹார்ட் டிஸ்கில் இடம் உண்டு. ஒரு சின்ன எச்சரிக்கை: பழைய பென் டிரைவ்கள் பலவும் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருக்கும். அவற்றில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் என்ற முறைக்கு மாற்றிவிட்டுக் கொப்பி பண்ணுங்கள். ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகப் போட வேண்டுமென்றும் இல்லை. ஒன்றில் போட்டு, அறையிலுள்ள ரவுட்டர் வழியாக மற்றவற்றின் பிரவுசரில் திறக்கலாம். அந்த ரவுட்டருக்கு டேட்டா தேவையே இல்லை.

காசு கேட்குமோ என்று யோசிக்க வேண்டாம். விக்கிப்பீடியாவின் எழுத்துகள், மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் படியெடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தில் இருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதை ஆரம்பத்திலேயே தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன், தொழிலால் கட்டடக்கலைஞர். இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் அதில் உண்டு, பெரும்பாலும் சம்பளமின்றி எழுதியவை. நம் ஆட்கள் இவ்வளவு உழைத்துக் கட்டிய ஒன்று, டேட்டா இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நம் பிள்ளைக்கு எட்டாமல் இருப்பது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். நம் பாடப்புத்தகம் இரசாயனவியல், பௌதிகவியல், ஒட்சிசன் என்று எழுதும். தமிழ்நாட்டார் வேதியியல், இயற்பியல், ஆக்சிஜன் என்பார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் இரண்டு பக்கத்தாரும் எழுதுவதால் தலைப்பு எந்த வழக்கிலும் இருக்கலாம். ஒரு சொல்லைத் தேடினால் மற்றச் சொல்லில் உள்ள கட்டுரைக்குக் கொண்டுபோகும் வழிமாற்றுப் பக்கங்கள் பல இடங்களில் கைகொடுக்கும், எல்லா இடத்திலும் இல்லை. முதல் நாளே மாற்றுச் சொற்களை ஒரு தாளில் எழுதி அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தேடியது கிடைக்காமல் திரும்பும் பிள்ளை இரண்டாம் முறை தேடாது.

"விக்கிப்பீடியாவை நம்பலாமா?" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பிழைகள் உண்டு, அரைகுறைக் கட்டுரைகளும் உண்டு. கட்டுரையின் அடியில் மேற்கோள் இருக்கிறதா, பாடப்புத்தகம் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் பழக்குவதற்கு ஆசிரியர் பக்கத்தில் நிற்கும் அறையைவிட நல்ல இடம் எது? வீட்டில் ஃபோனில் தனியாகப் பார்க்கும் பிள்ளைக்கு அதை யார் சொல்லிக்கொடுப்பது? கண்ட கண்ட தளங்களுக்குப் போய்விடுமோ என்ற பெற்றோரின் பயத்துக்கும் இங்கே இடமில்லை. வெளியே போக வழியே கிடையாது.

பிரதி பழசாகும் என்பது உண்மை. கோப்பின் பெயரிலேயே ஆண்டும் மாதமும் இருக்கும். டிசம்பர் விடுமுறையில் ஒரு தடவை புதியதை மாற்றுங்கள். அந்தப் பொறுப்பை யாராவது ஒருவரின் பெயரில் எழுதி வையுங்கள். கணினிகளை வாங்கிக் கொடுத்த பிறகு யாரும் திரும்பிப் பார்க்காததால்தான் இத்தனை அறைகள் தூசி பிடித்துக் கிடக்கின்றன. சங்கத்தினரே, அடுத்த வருடத்துக்கு இன்னும் பத்துக் கணினி வாங்குவதற்கு முன், இருப்பவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

கோப்புகள் என்னிடம் ஹார்ட் டிஸ்கில் தயாராக இருக்கின்றன. தமிழ் விக்சனரி என்ற அகராதியும் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்தப் பாடசாலையானாலும் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம். அன்றைக்குத் திறப்பை வைத்திருப்பவர் வந்தால் போதும். திங்கட்கிழமை இடைவேளையின்போது அந்த அறையைப் பூட்டாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஒரு கணினி திருத்துநர்