சனிக்கிழமை வகுப்பு நேரமும் கெர்ரிக்காரர் ஒருவரும்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை மூன்றாம் நிலை மாணவன் ஒருவன் பதினொன்றரை மணிக்கு வகுப்புக்குள் நுழைந்தான். கையில் அம்மா எழுதிக் கொடுத்த சீட்டு: "இரவெல்லாம் காய்ச்சல், அதனால் தாமதம்." இரண்டு முட்டியிலும் புல் கறை. காலுறையிலிருந்து உதிர்ந்த ஈர மண் மேசைக்கடியில் சின்னக் குவியலாகச் சேர்ந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்: "மிஸ், ரெண்டு பாயின்ட் அடிச்சேன்."

இந்தக் காய்ச்சல் நம் டப்ளின் தமிழ்ப் பள்ளியில் பரவிக்கொண்டே வருகிறது. இனி மறைக்க வேண்டாம். கேலிக் (கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்துக் கால்பந்து) பயிற்சி என்றால் கேலிக் பயிற்சி என்றே எழுதுங்கள். இன்னொரு பக்கம், "இந்தப் பந்தாட்டத்தை விடச் சொல்லுங்க மிஸ், நீங்க சொன்னா கேட்பான்" என்று எனக்குப் போன் செய்யும் பெற்றோரும் இருக்கிறீர்கள். ஒரு தந்தை கேட்டார்: "சாக்கர்னாலும் சம்பளம் வரும். இதுல என்ன வரும்?"

நேர்மையான பதில், ஒன்றும் வராது. அதனால்தான் உங்களுக்கு ஓர் ஆட்டக்காரரின் கதையைச் சொல்ல நினைத்தேன். டப்ளினில் குடியிருந்துகொண்டு, ஆட்டத்தில் அதன் பரம எதிரியான கெர்ரி கவுண்டிக்காரரைப் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) புகழ்வது உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று என் பிள்ளைகள் திட்டுகிறார்கள். போகட்டும்.

கோல்ம் கூப்பர் 1983இல் பிறந்தவர், கில்லார்னி ஊர்க்காரர். செம்பட்டைத் தலை, ஒல்லி உடம்பு. பார்க்க ஒரு பொம்மை மாதிரி இருக்கிறார் என்று கூட ஆடியவர்கள் வைத்த 'கூச்' என்ற பட்டப்பெயர்தான் கடைசிவரை நிலைத்தது. அவருடைய கிளப் டாக்டர் குரோக்ஸ், கறுப்பும் அம்பரும் கலந்த சட்டை. கேலிக் சங்கத்தின் முதல் புரவலர் பேராயர் தாமஸ் குரோக்கின் பெயரைத் தாங்கிய கிளப் அது. டப்ளினின் குரோக் பார்க் மைதானத்துக்கும் அவர் பெயர்தான்.

1992 மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள். அகில அயர்லாந்து கிளப் இறுதிப் போட்டியில் டாக்டர் குரோக்ஸ், நம் டப்ளின் புறநகரான டாலாவின் தாமஸ் டேவிஸ் அணியை ஒரே ஒரு புள்ளியில் வென்றது. அன்று குரோக்ஸ் அணியின் மாஸ்காட்டாக (அணியோடு கூட வரும் ராசிக்காரச் சிறுவனாக) வந்த எட்டு வயதுப் பையன்தான் கூப்பர். பத்து வருடம் கழித்து, 2002இல், கெர்ரியின் பெரியவர் அணியில் இடம் கிடைத்தது.

இங்கே புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விளக்கம். இந்த விளையாட்டில் கிளப்பை நாம் கடைக்குப் போய்ச் சட்டை பொறுக்குவது போலப் பொறுக்குவதில்லை. எந்த ஊரில் வளர்கிறோமோ அந்த ஊரின் கிளப்தான் பெரும்பாலும் நம் கிளப். அங்கே நன்றாக ஆடுகிறவர்களைக் கவுண்டி அணிக்கு அழைப்பார்கள். கவுண்டிக்குப் போனாலும் கிளப்பை விட்டுப் போவதில்லை, வருடம் முழுக்க இரண்டு சட்டையும் மாறி மாறித் துவைக்க வேண்டியதுதான். எந்தச் சட்டைக்கும் சம்பளம் கிடையாது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கத்தும் குரோக் பார்க்கில் ஆடிய கூப்பர், வங்கி வேலைக்குப் போய் வந்தவர்.

கெர்ரிக்காக அவர் சாதித்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2004, 2006, 2007, 2009 என நான்கு அகில அயர்லாந்து இறுதிப் போட்டிகளில் ஆடி வென்றார். அந்தந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுக்குத் தரும் ஆல் ஸ்டார் விருது எட்டு முறை. 2004இல் மேயோவுக்கு எதிராக அவர் போட்ட கோலை மட்டும் தேடிப் பாருங்கள். உயரமாக வந்த பந்தை எட்டிப் பிடித்து, தடுக்க வந்தவர்களை விலக்கி, பந்தை அவசரமே இல்லாமல் வலைக்குள் உருட்டிவிடுகிறார். 2011இல் அவர் கேப்டனாக இருந்த கெர்ரி, டப்ளினிடம் 1-12க்கு 1-11 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி) என ஒரு புள்ளியில் தோற்றது. கெர்ரியின் அந்த ஒரே கோலும் அவர் போட்டதுதான். கடைசி நேரத்தில் டப்ளின் கோல்கீப்பர் ஸ்டீபன் கிளக்ஸ்டன் முன்னே ஓடிவந்து உதைத்த ஃப்ரீ கிக் ஆட்டத்தை முடித்தது. என் வீட்டில் இதை மட்டும் விரிவாக எழுதச் சொன்னார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது கிளப் கதை. கவுண்டியில் இத்தனை பதக்கங்கள் கழுத்தில் ஏறியும், ஊர் கிளப்போடு அகில அயர்லாந்து வெல்வது மட்டும் தள்ளிக்கொண்டே போனது. 2007இல் இறுதிவரை வந்து, மறு ஆட்டத்தில் கிராஸ்மக்லன் அணியிடம் தோற்றார்கள். 2014 பிப்ரவரியில் கிளப் அரையிறுதியில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்து, முட்டிச் சில்லும் உடைந்தது. அந்த வருடம் கெர்ரி அகில அயர்லாந்தை வென்றபோது அவரால் ஆட முடியவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தார்.

2017 மார்ச் 17. அதே திருநாள், குரோக் பார்க் மைதானம். டெர்ரி கவுண்டியின் ஸ்லாட்னீல் அணிக்கு எதிராக 1-9க்கு 1-7 என்று டாக்டர் குரோக்ஸ் வென்றது. (கோலுக்கு மூன்று புள்ளி; 1-9 என்றால் பன்னிரண்டு. நான்காம் நிலைப் பிள்ளைகள் தமிழ் எண்களை இந்தக் கணக்கில்தான் கற்கிறார்கள்.) குரோக்ஸின் ஒரே கோலைப் போட்டவர் 33 வயதுக் கூப்பர். மாஸ்காட்டாக வந்த பையனுக்கு அந்தப் பதக்கம் கிடைக்க இருபத்தைந்து வருடம் ஆயிற்று. அடுத்த மாதமே கவுண்டி அணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

அந்த வருடம் அவரைக் கௌரவிக்க டப்ளினில் கட்டண விருந்து ஒன்று நடந்தது. வசூலில் ஒரு பங்கு அறக்கொடைகளுக்குப் போகும் என்றும் சொன்னார்கள். ஆனாலும் சம்பளமில்லாத விளையாட்டில் இது தகுமா என்று ஊரே வாய்ச்சண்டை போட்டது. எனக்கு அந்தச் சண்டை கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. பதினைந்து வருடம் உழைத்தவருக்கு ஒரு வேளைச் சோறு போட்டால் குடி முழுகிவிடாது. ஆனால் பணத்தை இந்த விளையாட்டுக்காரர்கள் எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

"அவர் இந்த மண்ணில் பிறந்தவர், நம் பிள்ளை அப்படியா?" என்பீர்கள். ஸாக் மொராடியைப் பாருங்கள். ஈராக்கின் ரமாடியில் பிறந்த குர்து இனத்தவர், 2002இல் குடும்பத்தோடு லீட்ரிம் கவுண்டிக்கு வந்தவர். அவர் பிடித்தது கால்பந்து அல்ல, ஹர்லிங் (மட்டையால் சிறு பந்தை அடிக்கும் இன்னொரு கேலிக் ஆட்டம்) மட்டை. 2019இல் லீட்ரிம் அணியோடு குரோக் பார்க்கில் லோரி மாகர் கோப்பையை (ஹர்லிங்கில் கீழ்நிலைக் கவுண்டி அணிகளுக்கான போட்டி) வென்றார். அவருடைய கிளப் எது தெரியுமா? அதே டாலாவின் தாமஸ் டேவிஸ்.

ஆகவே ஆசிரியர்களோடு கலந்து பேசி முடிவெடுத்திருக்கிறோம். அடுத்த மாத முதல் சனிக்கிழமையிலிருந்து வகுப்பு பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை. காலை முழுக்கப் பிள்ளைகள் கிளப்புக்குப் போகலாம், பிற்பகல் முழுக்க எனக்கு வேண்டும். மேட்ச் நாள் என்றால் முதல் நாள் இரவே செய்தி அனுப்பினால் போதும். வீட்டுப்பாடத்தில் மட்டும் சலுகை இல்லை. முடிந்தால் நீங்களும் கோட்டோரம் போய் நில்லுங்கள். காரிலேயே உட்கார்ந்து போன் பார்க்கும் அப்பாக்களைப் பிள்ளைகள் கட்டுரையில் எழுதிக்கொடுக்கிறார்கள், நான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

சேற்று பூட்ஸை வாசலிலேயே கழற்றி, பையில் ஒரு ஜோடி மாற்றுக் காலுறை வைத்து அனுப்புங்கள். மண்டபத்தைக் கூட்டும் அம்மாவிடம் நான் ஏற்கெனவே ஒருமுறை பேச்சு வாங்கியாயிற்று.

அன்புடன்,
தலைமையாசிரியை