பிரித்த குப்பை வண்டியில் கலக்கக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் டயபர் போன்ற சுகாதாரக் கழிவு, பல்பு, மருந்து, பெயிண்ட் டப்பா போன்ற தனிக் கவனம் தேவைப்படும் கழிவு. 2016 விதிகளே மூன்றாகப் பிரிக்கச் சொன்னவைதான். பத்தாண்டு ஆகியும் பல ஊர்களில் அது நிலைக்கவில்லை. இதற்கு மக்களின் அலட்சியத்தை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. வாசலில் பிரித்துக் கொடுத்த குப்பை தெருமுனை தாண்டுவதற்குள் ஒன்றாகக் கொட்டப்படுவதைப் பார்த்த குடும்பம், அடுத்த வாரம் இரண்டு கூடை வைக்காது.

கலப்பு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, தடுப்பே இல்லாத ஒற்றைத் தொட்டி கொண்ட பேட்டரி வண்டி. மற்றொன்று, அந்த வண்டிகள் குப்பையை மாற்றி ஏற்றும், குப்பையை நசுக்கி அடைக்கும் காம்பாக்டர் லாரி. லாரி அழுத்தும்போது சாம்பாரும் பழச்சாறும் அட்டைப்பெட்டியில் ஊறுகின்றன, கண்ணாடி நொறுங்கிச் சோற்றோடு சேர்கிறது. நனைந்த அட்டையைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார். கண்ணாடித் தூள் கலந்த எருவை விவசாயி தொடமாட்டார். அதன் பிறகு அந்தக் குப்பைக்குக் கிடங்கைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி கிடங்குகளில் பல்லாண்டுக் குப்பை மலையைத் தோண்டிச் சலித்து மீட்க எவ்வளவு செலவாகிறது என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எளிய கணக்கு ஒன்று. ஒரு வண்டிக்கு 250 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் என்று வைத்தால் 300 கிலோ. எடையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை. ஆனால் வண்டியின் இடத்தை அடைப்பது உலர் குப்பைதான்: காலி பாட்டில், அட்டை, தெர்மாகோல். இரண்டையும் தினமும் ஒரே வண்டியில் எடுத்தால் பாதித் தெருவிலேயே வண்டி நிரம்பிவிடும். நேரமில்லாத தூய்மைப் பணியாளர் எல்லாவற்றையும் மேலே போட்டு மிதித்து இடம் உண்டாக்குவார். குற்றம் அவருடையதல்ல, திட்டம் போட்டவருடையது. ஈரக் குப்பையைத் தினமும் எடுக்கட்டும். உலர் குப்பைக்கு வாரத்தில் இரண்டு நாள், உதாரணமாகப் புதனும் சனியும், உயரமான கம்பிவலை அடித்த தனி வண்டி வரட்டும். நாப்கினும் டயபரும் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு அடையாளமிட்டு, தினசரி வண்டியின் பக்கத்தில் மாட்டிய மூடியுள்ள வாளியில் போகலாம். பேட்டரி, பல்பு வகையறாவுக்கு மாதம் ஒரு நாள் போதும். ஆனால் லித்தியம் பேட்டரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் காம்பாக்டரில் போட விடக் கூடாது. நசுங்கினால் தீப்பிடிக்கும்.

இதைவிடப் பெரிய ஓட்டை, ஈரக் குப்பையைத் தொட்டிகளில் மக்கவைத்து எருவாக்கும் நுண்ணுயிர் உர மையங்களில் இருக்கிறது. காய்கறிக் கழிவு பக்குவமான எருவாக ஏறக்குறைய 45 நாள் வேண்டும். தினமும் 1 டன் வரும் மையத்தில் 4 டன் தொட்டி நான்கு நாளில் நிரம்பும். ஆக, சுழற்சிக்குக் குறைந்தது 12 தொட்டி தேவை. ஏழெட்டுத் தொட்டி மட்டும் கட்டிவிட்டால், இடம் வேண்டுமே என்று 25, 30 நாளிலேயே அரைகுறையாக மக்கியதை அள்ளுவார்கள். அதை வயலில் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கும். ஒருமுறை அப்படி ஆனால் அந்த விவசாயி திரும்ப வரமாட்டார், பக்கத்துத் தோட்டக்காரரையும் வரவிட மாட்டார்.

நாற்றம் அடிக்கிறது என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் முடங்கிய மையங்களும் உண்டு. நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஈரம் அதிகம், சருகு குறைவு. சோறும் குழம்பும் கலந்த கழிவை அப்படியே தொட்டியில் கொட்டினால் காற்றுப் புகாமல் அழுகும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும், ஒழுகினால் ஈரம் மிகுதி. அடியில் ஒரு சாண் காய்ந்த இலை, அதன்மேல் இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கிய கழிவு, சாணக் கரைசல் தெளிப்பு, மீண்டும் சருகு என்று அடுக்கி, வாரம் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். நடுவில் செருகிய இரும்புக் கம்பியை ஐந்து நிமிடம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். 55 டிகிரி செல்சியஸ் ஏறாத குவியலில் களை விதையும் ஈ முட்டையும் சாகாது. முடிவில் 4 மில்லிமீட்டர் சல்லடை. இவ்வளவுக்கும் தேவையான சருகைத்தான் நம் ஊர்களில் தெருவோரம் கொளுத்துகிறோம்! பூங்கா, பள்ளி வளாகச் சருகை மண் ஒட்டாமல் மூட்டைகட்டி மையத்துக்கு அனுப்ப ஒரு தனி நடை ஒதுக்கினால் போதும். இளநீர் மட்டையை மட்டும் ஆரம்பத்திலேயே ஒதுக்க வேண்டும். அதன் நார் அரவை இயந்திரத்தின் தண்டில் சுற்றிக்கொண்டு மோட்டாரைக் கருக்கிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. பால் பாக்கெட்டின் மூலையை முழுதாக வெட்டி எறியாமல், ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி கத்தரிக்கலாம். அந்தக் குட்டி முக்கோணத் துண்டுகள்தான் எருவில் சல்லடையையும் தாண்டி வருபவை. பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். உலர் குப்பை விற்ற பணத்தைத் தூய்மைப் பணியாளர்களுக்கே ஊக்கத்தொகையாகத் தரும் வழக்கம் நம் உள்ளாட்சிகளில் இருக்கிறது. குப்பை சுத்தமாக வந்தால் அந்தத் தொகையும் கூடும்.

கடைசியாக, ஒப்பந்தம். டன் கணக்கில் பணம் தந்தால் ஒப்பந்ததாரருக்குக் கனமான குப்பைதான் லாபம். கட்டட இடிபாடும் மண்ணும் எடைமேடையில் ஏறுவது இதனால்தான். சென்னை மாநகராட்சி 2020-இல் சில மண்டலங்களில் எடைக் கணக்கை விட்டுவிட்டு, செயல்பாட்டு அளவுகோல்களின்படி பணம் தரும் முறைக்கு வந்தது. மற்ற நகராட்சிகளும் ஒப்பந்தப்புள்ளி கோரும் முன், கிடங்குக்குப் போகும் குப்பை குறையக் குறையத் தொகை கூடும்படி நிபந்தனை எழுத வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்த நாளில் எந்த வண்டி, மையத்தில் எத்தனை தொட்டி, சருகு எங்கிருந்து வரும் என்ற மூன்றையும் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் அட்டவணையாக வைத்து, மக்கள் கேள்வி கேட்ட பிறகே பணி ஆணை வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
திடக்கழிவு மேலாண்மைப் பணியிலுள்ள வாசகர்