‘பிளென்ஹைம்’ ஏன் கிளம்பியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்மரக் கப்பல் காலத்து விபத்துகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 1807 ஜனவரியில் மெட்ராஸிலிருந்து கிளம்பிய ‘பிளென்ஹைம்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு அதில் நான்கே வரி: பழைய கப்பல், புயலில் மாட்டியது, காணாமல் போனது. தப்பு ஒன்றுமில்லை. ஆனால் நங்கூரம் போட்டு நிற்கும்போதே ராப்பகலாகப் பம்பு அடித்துக்கொண்டிருக்க வேண்டிய கப்பலை, கரையில் விட்டுவைக்காமல் ஏன் அத்தனை தூரம் ஓட்டிப் போனார்கள்? அது இரண்டு அட்மிரல்களுக்கு நடுவில் நடந்த நாற்காலிச் சண்டை. பாதிச் சண்டை நம் கடற்கரையில்தான் நடந்தது.

எட்வர்ட் பெல்லூ என்பவர் 1804-இல் கிழக்கிந்தியக் கடற்பகுதி முழுவதற்கும் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். அவர் வேலையில் உட்கார்ந்து சூடு ஆறுவதற்குள், லண்டனில் ஆட்சி மாறியிருந்தது. புதிதாகப் பிரதமராக வந்த பிட்டின் அரசு ஒரு காரியம் செய்தது. இலங்கையின் காலியிலிருந்து நேர் தெற்கே வரைபடத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு மேற்கே பெல்லூ, கிழக்கே தாமஸ் ட்ரூபிரிட்ஜ். பெல்லூ நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1804 மார்ச்சில் பிட் பழைய கடற்படை நிர்வாகத்தைத் தாக்கிப் பேசியபோது, எழுந்து அதற்கு ஆதரவாகப் பேசியிருந்தார். அதற்குத்தான் இந்தக் கணக்குத் தீர்ப்பு என்று சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், பெல்லூ வக்காலத்து வாங்கிய அந்த நிர்வாகக் குழுவில் ட்ரூபிரிட்ஜும் ஓர் உறுப்பினர்!

ட்ரூபிரிட்ஜும் லேசுப்பட்டவர் அல்ல. லண்டன் ரொட்டிக்கடைக்காரர் ஒருவரின் மகன். நெல்சனின் கூட்டாளி. இளவயதில் இதே சோழமண்டலக் கடலில் பிரிட்டிஷ் அட்மிரல் ஹியூஸின் படையில் இருந்து, பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனோடு சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே நடந்த சண்டையைப் பார்த்தவர். 1805 ஆகஸ்டில் ‘பிளென்ஹைம்’ கப்பலில் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். வரும் வழியிலேயே பிரெஞ்சு அட்மிரல் லினுவாவோடு ஒரு மோதல் வேறு.

பெல்லூ அப்போது ‘கல்லோடன்’ கப்பலில் தன் தளபதிக் கொடியை ஏற்றியிருந்தார். அது ட்ரூபிரிட்ஜ் பல வருஷம் கேப்டனாக இருந்து ஓட்டிய கப்பல். 1798 நைல் போரில் அவர் தரைதட்ட வைத்துவிட்டுக் காலமெல்லாம் மனம் புழுங்கியதும் அதே கப்பல்தான். இப்போது அதே கப்பலில் நின்றுகொண்டு இன்னொருவர், ‘உங்கள் பாதியை நான் தர மாட்டேன்’ என்கிறார். இருவரும் 1804 ஏப்ரலில்தான் ரியர் அட்மிரல் ஆனார்கள். சீனியாரிட்டிப் பட்டியலில் பெல்லூ கொஞ்சம் மேலே. அதை வைத்து அவர் ட்ரூபிரிட்ஜைத் தன் கீழ் இருக்கும் இரண்டாமவராகவே நடத்தினார். இருவரும் மாறி மாறி லண்டனுக்கு எழுதினார்கள். ஒரு கடிதம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய்ச் சேரவே நான்கைந்து மாதம் ஆகும். பதில் வரும்வரை கப்பல்கள் யார் பேச்சைக் கேட்பது?

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒரு வரி. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் எட்டு மாதம் எங்கள் பிரிவுக்கு இரண்டு மேலதிகாரிகள். ஒரே கோப்பில் ஒருவர் பச்சை மையில் ‘உடனே அனுப்புக’ என்பார், மற்றவர் அதன் கீழேயே ‘நிறுத்தி வைக்கவும்’ என்பார். இருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை. மெமோ வாங்கியது நான்தான். அதனாலோ என்னவோ, இதை வெறும் இருவரின் கர்வம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

கர்வம் இல்லாமல் இல்லை. ஆனால் பணமும் இருந்தது. அந்தக் காலத்தில் எதிரிக் கப்பலைப் பிடித்தால், விற்று வரும் தொகையை எட்டுப் பங்காக்குவார்கள். கேப்டனுக்கு மூன்று பங்கு. அவர் ஓர் அட்மிரலின் உத்தரவின் கீழ் இருந்தால், அதில் ஒரு பங்கை அட்மிரலுக்குக் கொடுத்துவிட வேண்டும். அட்மிரல் அந்தச் சண்டையில் இருக்க வேண்டும் என்பதில்லை. மெட்ராஸில் விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தாலும் பங்கு வந்துவிடும். அப்புறம், காலியாகும் பதவிகளை நிரப்பும் உரிமை. பெல்லூவின் மகன் ஃப்ளீட்வுட், அப்பாவின் தலைமையின் கீழ் பதினெட்டு வயதிலேயே கேப்டன் ஆனவர். கிழக்கே டச்சுக்காரர்களின் கப்பல்கள், மேற்கே பிரெஞ்சுக்காரர்களின் மொரீஷியஸ். காலியில் போட்ட கோடு இரண்டு பேரின் வருமானத்துக்கும் குறுக்கே ஓடியது.

பெல்லூ பக்கத்திலும் நியாயம் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று ஆரம்பித்தால் மெட்ராஸில் கப்பல் நிற்க முடியாது. அன்று துறைமுகமே கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டு, கயிற்றால் தைத்த மசூலா படகுகளில்தான் ஆளும் சரக்கும் அலை தாண்டிக் கரைக்கு வர வேண்டும். காற்று மாறினால் படை முழுவதும் இடம் மாறியாக வேண்டும். பெரிய கப்பலைப் பழுது பார்க்கப் பம்பாய்க் கப்பல்துறையை விட்டால் வழியில்லை. பம்பாய் பெல்லூவின் பாதியில் இருந்தது. காற்று கோடு பார்த்தா வீசும்? இதெல்லாம் லண்டனில் கோடு போட்டவருக்குத் தெரியாமல் போயிற்று, அல்லது தெரிந்தும் அக்கறை இல்லை.

கடைசியில் லண்டனே தன் கோட்டை அழித்தது. முழுக் கடலும் மறுபடி பெல்லூவுக்கு. ட்ரூபிரிட்ஜுக்கு நன்னம்பிக்கை முனையின் தலைமை. 1806 ஜனவரியில்தான் அதை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்திருந்தார்கள். உத்தரவு கைக்கு வந்தபோது ‘பிளென்ஹைம்’ மலாக்கா நீரிணைப் பக்கம் தரைதட்டி, ஏராக்கட்டையே (கப்பலின் அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்புக் கட்டை) நெளிந்துபோன நிலையில் இருந்தது. 1761-இல் கடலில் இறக்கிய கப்பல் அது. மூன்று தளத்தில் ஒன்றை வெட்டிக் குறைத்திருந்தார்கள். கேப்டன் பிஸ்ஸல், கப்பல் பயணத்துக்குத் தகுதியில்லை என்று எடுத்துச் சொன்னார். ட்ரூபிரிட்ஜ் கேட்கவில்லை. பெல்லூவின் கடலில் இன்னும் ஒரு நாள் இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது; இது என் ஊகம். 1807 ஜனவரி 12 அன்று, ‘ஜாவா’, ‘ஹாரியர்’ என்ற இரண்டு கப்பல்களோடு மெட்ராஸிலிருந்து பாய் விரித்தார். பயணிகளும் ஏறியிருந்தார்கள். பிப்ரவரி முதல் தேதி வாக்கில் மடகாஸ்கருக்குக் கிழக்கே புயல். ‘ஹாரியர்’ மட்டும் முனைக்குப் போய்ச் சேர்ந்தது.

உங்கள் கட்டுரையாளர் இதையாவது சேர்த்திருக்கலாம்: ட்ரூபிரிட்ஜின் மகனும் கேப்டன், ‘கிரேஹவுண்ட்’ என்ற கப்பலில். அப்பாவைத் தேடிப் போக அவருக்கு உத்தரவு கொடுத்தவர் பெல்லூதான். பையன் ரோட்ரிக்ஸ் தீவு, மடகாஸ்கர்க் கரை என்று அலைந்து, கடைசியில் சமாதானக் கொடி ஏற்றி எதிரியின் மொரீஷியஸ் வரைக்கும் போனார். பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லி மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். கப்பலின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர்,
ராயபுரம், சென்னை.