ஞாயிறு மெட்டல் டிடெக்டர் தேடல்: கஞ்சமலை அடிவாரம்

அனைவருக்கும் வணக்கம்.

மண்ணில் புதைந்த பழைய காசு தேட மார்ச் 8, ஞாயிறு காலை 6.30க்கு சேலம் கஞ்சமலை அடிவாரத் தோட்டத்தில் கூடுகிறோம். கடலை பறித்த காடு. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியாச்சு. மலைப்பக்க வேலியைத் தாண்ட வேண்டாம், அது வனத்துறை நிலம்.

1. மண்ணில் மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது) அதிகம். மெஷின் ஓயாமல் கத்தும். உலோகம் இல்லாத இடம் பார்த்து, காயிலை (மெஷினின் அடியில் உள்ள வட்டத் தட்டு) ஓரடி உயரத்திலிருந்து தரைக்கு இரண்டு அங்குலம் வரை ஏற்றி இறக்குங்கள். ஒலி மாறாமல் நிற்கும்வரை கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணுக்கு ஏற்ப மெஷினைச் சரிசெய்வது. இடம் மாறினால் மறுபடியும்.
2. அப்புறமும் கத்தினால் சென்சிட்டிவிட்டியை (உணர்திறன்) குறையுங்கள். டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் அமைப்பு) ஏற்றாதீர்கள், ஆணியோடு சின்னக் காசும் போய்விடும். இந்த மண்ணுக்குப் பெரிய காயிலைவிட 6 அங்குலமே மேல்.
3. சிக்னல் கேட்டால் 90 டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒலித்தால் பெரும்பாலும் ஆணி.
4. மெஷினுக்கு மெஷின் 10 மீட்டர் இடைவெளி.
5. காசைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை வேண்டவே வேண்டாம்; களிம்போடு எழுத்தும் போய்விடும். மண்ணோடு காகித உறையில் போடுங்கள்.
6. 1878 புதையல் சட்டப்படி ₹10க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ‘பழைய காசுதானே’ என்று பையில் போடுபவர்கள் தயவுசெய்து வரவேண்டாம்.
7. தோண்டிய குழியை உடனே மூடுங்கள். மாடு மேயும் இடம்.

களைக்கொத்து, ஹெட்போன், குடிநீர் அவரவர் கொண்டுவரவும். வருபவர்கள் வெள்ளி இரவு 9க்குள் பெயரும் காயில் அளவும் இங்கே பதிவிடுங்கள். வெறும் கட்டைவிரல் இமோஜி கணக்கில் வராது.