பம்ப்ஸி கிரீனையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க பேஸ்பாலின் பெரிய லீக்குகளில் ஆடிய முதல் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சனைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் களமிறங்கிய கதையைக் கட்டுரையாளர் உயிரோட்டமாகச் சொல்லியிருந்தார். ஆனால் அன்றோடு அமெரிக்க பேஸ்பாலில் நிறத்தடை, அதாவது கறுப்பினத்தவரைச் சேர்க்காத வழக்கம், ஒழிந்தது என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று ஒழிந்தது ஒரே ஓர் அணியில். அப்போது பெரிய லீக்குகள் எனப்படும் உச்சநிலைப் போட்டிகளில் இருந்த 16 அணிகளில் கடைசி அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ், ஒரு கறுப்பின ஆட்டக்காரரைக் களமிறக்க மேலும் 12 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அதற்குள் ராபின்சன் ஆடி முடித்து ஓய்வே பெற்றுவிட்டார். அந்த ஆட்டக்காரர் பம்ப்ஸி கிரீன். கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

ரெட் சாக்ஸுக்கு வாய்ப்பு வராமலும் இல்லை. பாஸ்டன் நகரமன்ற உறுப்பினர் இசடோர் மச்னிக் விடாமல் நெருக்கியதால், 1945 ஏப்ரல் 16 அன்று அணியின் ஃபென்வே பார்க் மைதானத்தில் மூன்று கறுப்பினத்தவரை வரவழைத்து ஆடவைத்துப் பார்த்தார்கள். ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ். மூவரில் ஒருவருக்கும் அழைப்பு வரவில்லை. ராபின்சன் என்ன ஆனார் என்பது உலகறிந்தது. வில்லியம்ஸுக்குப் பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. ஜெத்ரோ 1950இல் அதே நகரத்தின் இன்னொரு அணியான பாஸ்டன் பிரேவ்ஸில் சேர்ந்து, 35 முறை பேஸ் திருடி (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்து), இரு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம் என்ற விருதை வாங்கினார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு கிடைத்த புதுமுக விருது! இளமையெல்லாம் கறுப்பினத்தவருக்கான தனி லீக்கில் கழிந்துவிட்டதால், ஓய்வூதியத்துக்கு வேண்டிய ஆண்டுகள் பெரிய லீக்கில் அவருக்குச் சேரவில்லை. முதுமையில் வழக்குப் போட்டுத் தோற்றார். 1997இல்தான் அவரைப் போன்ற மூத்த ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர நிர்வாகம் முன்வந்தது.

இனி கிரீன். ஓக்லஹோமாவில் பிறந்து கலிபோர்னியாவின் ரிச்மண்டில் வளர்ந்தவர். 1959இன் தொடக்கத்தில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் ரெட் சாக்ஸின் பயிற்சி முகாம் நடந்தது. சக ஆட்டக்காரர்கள் தங்கிய ஓட்டலில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்பதால், கிரீனைத் தொலைவில் வேறோர் இடத்தில் தனியே தங்கவைத்தார்கள். காலையில் எல்லோரோடும் சேர்ந்து பயிற்சி, மாலையில் அவர் மட்டும் வேறு பக்கம். அப்படியிருந்தும் பயிற்சி ஆட்டங்களில் நன்றாக அடித்தார். சீசன் தொடங்கும் தறுவாயில் அவரை மினியாபோலிஸில் இருந்த கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்கள். பாஸ்டனில் கண்டனம் எழுந்தது. மாசசூசெட்ஸ் மாநிலப் பாகுபாடு எதிர்ப்பு ஆணையம் விசாரணையே நடத்தியது. அவரோ மினியாபோலிஸில் .320 சராசரியோடு, அதாவது பத்தில் மூன்று முறைக்கு மேல் பந்தை அடித்து பேஸ் சேர்ந்து, ஆடிக்கொண்டிருந்தார்.

ஜூலையில் மேலாளர் மாறிய பிறகுதான் அழைப்பு வந்தது. 1959 ஜூலை 21 அன்று சிகாகோவில், எட்டாவது இன்னிங்ஸில், இன்னொருவருக்குப் பதிலாக ஓடுவதற்காக இறக்கப்பட்டார். ஆகஸ்ட் 4 அன்று ஃபென்வே பார்க்கில் முதல் ஆட்டம். முதல் முறை மட்டை பிடித்தபோதே, இடப்பக்கம் 37 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் சுவரில் பந்தை மோதவைத்து மூன்றாவது பேஸ் வரை ஓடினார். அரங்கமே எழுந்து கைதட்டியது. அணியின் மாபெரும் நட்சத்திரமான டெட் வில்லியம்ஸ், ஆட்டங்களுக்கு முன் பந்து எறிந்து பிடித்துப் பழகுவதற்குத் தன் கூட்டாளியாக இந்தப் புதியவரையே அழைத்துக்கொண்டார். எல்லோரும் பார்க்கும் இடத்தில் அவர் அதைச் செய்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கிரீன் மொத்தம் 344 ஆட்டங்கள் ஆடினார். 13 ஹோம் ரன் (எல்லா பேஸ்களையும் சுற்றி வரவைக்கும் அடி), சராசரி .246. 1963இல் நியூயார்க் மெட்ஸில் சில ஆட்டங்களோடு பெரிய லீக் வாழ்க்கை முடிந்தது. சுமாரான ஆட்டக்காரர் என்று எழுதுபவர்கள் இவரைக் கடந்துபோவது இதனால்தான். எனக்கோ இவரைப் பற்றி எழுதவேண்டிய காரணமே இதுதான். ராபின்சன் மற்றவர்களைவிடப் பல மடங்கு சிறந்து விளங்கியாக வேண்டியிருந்தது. ஆனால் அந்நாளைய எந்த அணியை எடுத்தாலும், இரண்டு மூன்று ஆண்டுகள் வந்து, பாதி நாள் பெஞ்சில் உட்கார்ந்து, சுமாராக ஆடிவிட்டுப் போன வெள்ளையர்கள் பலர் இருந்தார்கள். உனக்கு இங்கே என்ன தகுதி என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. அந்தச் சுமாரான இடம் ஒரு கறுப்பினத்தவருக்கும் கிடைத்த நாளில்தான் தடை உண்மையிலேயே தளர்ந்தது என்பேன்.

கிரீனுக்கு ஒரு வாரம் கழித்து அணிக்கு வந்த பந்து எறிபவர் ஏர்ல் வில்சனையும் விட்டுவிடக் கூடாது. 1962 ஜூன் 26 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸுக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், அதாவது எதிரணியில் ஒருவரையும் பந்தை அடித்து பேஸ் சேரவிடாமல், ஆட்டத்தை முடித்து, அதே ஆட்டத்தில் தானும் ஒரு ஹோம் ரன் அடித்தவர். 1966இல் புளோரிடாவில் ஒரு மதுக்கூடத்தில், கறுப்பினத்தவருக்குப் பரிமாறுவதில்லை என்று அவரைத் திருப்பியனுப்பினார்கள். வெளியே சொல்ல வேண்டாம் என்று அணி நிர்வாகம் கேட்டுக்கொண்டும், அவர் செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். அந்த ஜூன் மாதமே டெட்ராய்ட் அணிக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு அங்கே 22 வெற்றிகள், அதற்கடுத்த ஆண்டு பெரிய லீக்குகளின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் கோப்பை. பின்னாளில், வறுமையில் வாடும் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு உதவும் அமைப்புக்குத் தலைமையேற்றார்.

கிரீன் கலிபோர்னியாவுக்குத் திரும்பி, பெர்க்லி உயர்நிலைப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றினார். மாணவர்களுக்கு பேஸ்பால் கற்றுக்கொடுத்தார். 2009இல், அவர் களமிறங்கிய ஐம்பதாம் ஆண்டில், ஃபென்வே பார்க்குக்கு அழைத்து ரெட் சாக்ஸ் அவரைக் கௌரவித்தது. அவரை அத்தனை ஆண்டுகள் வெளியே நிறுத்திய காலத்தின் உரிமையாளர் டாம் யாக்கியின் பெயரில் இருந்த மைதானத் தெருவுக்கு, அணியே கேட்டுக்கொண்டதன் பேரில் 2018இல் பழைய பெயர் திரும்பியது. அதைப் பார்க்கும்வரை கிரீன் உயிரோடு இருந்தார். 2019 ஜூலை 17 அன்று தமது 85ஆவது வயதில் காலமானார்.

கட்டுரையாளர் இதே பொருளில் மீண்டும் எழுதுவாரானால் கிரீனையும் வில்சனையும் ஜெத்ரோவையும் சேர்த்து எழுத வேண்டும் என்று தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பக்கம் போதாது என்றால், ராபின்சனின் பகுதியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அவரைப் பற்றிப் படிக்க எங்களுக்கு வேறு எத்தனையோ இடங்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி