பாட்டி திருத்திய சொல்

அன்பு மகளுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். இஸ்ரேலில், ரெகோவோத்தில் நீ குடியிருக்கும் வீட்டுக்கார யூதப் பாட்டி, வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன், ஜன்னலோரத் தகரப் பெட்டியில் இரண்டு காசு போட்ட பிறகுதான் ஓய்வுநாள் விளக்கை ஏற்றுகிறார் என்றும், நீ அதைத் தருமம் என்று சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே 'ட்செடாக்கா' என்று திருத்தினார் என்றும் எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் தமிழ் நடத்தியவனிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் கடிதம் நீளத்தான் செய்யும்.

அந்த எபிரெயச் சொல்லின் வேர் நீதி. நம் வேதாகமத்தில் நீதிமொழிகள் 10:2-ஐ எடுத்துப் பார். "நீதியோ மரணத்துக்குத் தப்புவிக்கும்" என்று இருக்கும். மூலத்தில் அவ்விடத்தில் உள்ளது பாட்டி சொன்ன அதே சொல்தான். நாம் நேர்மையாக வாழ்வதைப் பற்றியது என்று வாசித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறோம். யூத வேத ஆசிரியர்களான ரபிமார்களோ அதை ஏழைக்குக் கொடுப்பதைப் பற்றிய வாக்காகவே எடுத்துக்கொண்டார்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று வேதாகமத்தின் லேவியராகமம் கட்டளையிடுவதும், அந்த ஓரம் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா அளவு வைப்பதும், ஏழைக்குக் கொடுப்பது நீதி என்ற இந்தக் கணக்கில்தான். வேதாகமக் கதையில் போவாசின் வயலில் கதிர் பொறுக்கிய ஏழை விதவை ரூத் யாரிடமும் பிச்சை எடுக்கவில்லை. சட்டம் அவளுக்கென்று ஒதுக்கியதைத்தான் எடுத்தாள்.

அப்படியானால் இதில் பக்தி எங்கே இருக்கிறது என்று நீ கேட்பாய். மிஷ்னாவுக்கு ரபிமார்கள் சொன்ன விளக்கங்கள் அடங்கிய தால்முத்தில் எலெயாசர் என்ற ரபி, ஏழை ஒருவனுக்கு ஒரு காசு கொடுத்த பின்பே ஜெபிக்கத் தொடங்குவார் என்று வருகிறது. அவர் காட்டும் ஆதாரம் 17-ஆம் சங்கீதம்: "நானோ நீதியில் உம்முடைய முகத்தைத் தரிசிப்பேன்." சிறுவயதில் நீ மனப்பாடம் செய்த வசனம்தான், அந்த நீதிக்குள் ஒரு செப்புக்காசு இருப்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

கொடுக்கும் விதத்தைப் பற்றி அவர்கள் சிந்தித்த அளவுக்கு நாம் சிந்தித்ததில்லை என்றே நினைக்கிறேன். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராக இருந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று இருவருக்கும் தெரியாமல் கொடுப்பது மேலிருந்து இரண்டாவது. எருசலேம் தேவாலயத்தில் இதற்கென்றே ஓர் இரகசிய அறை இருந்ததாம்; தேவபயமுள்ளவர்கள் அதில் மறைவாக வைத்ததிலிருந்து, நொடித்துப்போன நல்ல குடும்பத்தார் மறைவாக ஆதரவு பெற்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலான படி, கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ கொடுத்து, ஒருவனைப் பிறர் கையை எதிர்பாராதபடி நிற்க வைப்பது.

மார் உக்வா என்ற பெரியவரின் கதையும் தால்முத்தில் உண்டு. அவர் தினமும் பக்கத்து ஏழையின் கதவடிக் குழியில் நான்கு காசு வைத்துவிட்டுப் போவார். வைப்பவரைப் பார்த்துவிட வேண்டும் என்று அந்த ஏழை ஒருநாள் காத்திருந்தான். அன்று மனைவியும் அவருடன் வந்திருந்தார். கதவு அசைந்ததும் இருவரும் ஓடி, நெருப்பை அப்போதுதான் வாரி எடுத்திருந்த ஓர் அடுப்புக்குள் ஒளிந்துகொண்டார்கள். அவருடைய கால் சுட்டது. மனைவியின் கால் சுடவில்லை. "என் கால்மேல் உங்கள் காலை வையுங்கள்" என்றாராம் அந்த அம்மாள். வீட்டில் இருப்பவள் ஆகையால், தான் கொடுப்பது உடனே உண்ணக்கூடியது என்பது அவர் சொன்ன காரணம். ஒருவனை வெட்கப்படுத்துவதைவிடத் தீச்சூளையில் விழுவது மேல் என்று அவ்விடத்தில் ரபிமார்கள் சொல்கிறார்கள்.

இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு பையனுக்கு நான் கட்டணம் கட்டினேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். காலை இறைவணக்கத்தில் அவன் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்து, எல்லோரும் கைதட்ட, அந்த ரசீதைக் கொடுத்தேன் என்பதைச் சொன்னதில்லை. அன்றுமுதல் அவன் என்னைக் கண்டால் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவான். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

உன் அம்மாவிடம் அடுப்புக் கதையைச் சொன்னேன். "அந்த அம்மாள் சொன்னது சரிதானே, பசித்தவனுக்குக் காசைக் கொடுத்தால் அவன் இன்னும் கடைக்குப் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டு, மாவரைக்கப் போய்விட்டாள்.

பழைய யூத விதிப்படி ஏழைகளுக்கான ஊர்ப்பணத்தை இரண்டு பேர் சேர்ந்துதான் வசூலிக்க வேண்டும், மூன்று பேர் சேர்ந்துதான் பங்கிட வேண்டும். பாட்டியின் பெட்டி நிறைந்ததும் அதை யார் வந்து எடுத்துப் போகிறார்கள், அவர் யாருக்கென்று கேட்பதுண்டா என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
அப்பா